தோணியும் கணினியும்: செயற்கை நுண்ணறிவின் துணையோடு ஒரு கற்றல் விளையாட்டு

வடகீழ்ப் பருவமழை வலுக்கும் மாதங்களில், கிரானிலிருந்து புலிபாய்ந்தகல் நோக்கிச் செல்லும் வீதியை வெள்ளம் மேவிப் பாய்வது மட்டக்களப்பு மாவட்ட மக்களுக்குப் புதிய செய்தியன்று. தரைவழிப் போக்குவரத்துத் துண்டிக்கப்படும் அந்நாட்களில், படுவான்கரைக் கிராமங்களின் மக்கள் படகை நம்பியே கிரானுக்கு வந்து திரும்புகின்றனர். ஒரு படகில் எத்தனை பேரை ஏற்றுவது, எதை முதலில் கொண்டு செல்வது, எதைப் பின்னுக்கு விடுவது என்பன அவர்களுக்குப் பொழுதுபோக்குக் கணக்குகளல்ல, வாழ்க்கைக் கணக்குகள்.

இத்தகைய கணக்கொன்றைத்தான் நம் வீட்டுப் பெரியவர்கள் சிறுவர்க்கு விடுகதையாகச் சொல்லி வந்துள்ளனர். ஒருவன் ஒரு புலியையும் ஓர் ஆட்டையும் ஒரு புல்லுக்கட்டையும் அக்கரைக்குச் சேர்க்க வேண்டும். தோணியில் அவனோடு ஒன்றுக்கு மாத்திரமே இடமுண்டு. அவன் பக்கத்தில் இல்லாவிடின் புலி ஆட்டைத் தின்றுவிடும். ஆடு புல்லைத் தின்றுவிடும். மூன்றையும் சேதமின்றிக் கரை சேர்ப்பது எங்ஙனம்?

இந்த விடுகதையைக் கணினித் திரையில் ஒரு விளையாட்டாக ஆக்கி, அதனூடாகப் பிள்ளைகளுக்குச் செய்நிரலாக்கத்தைக் கற்பிக்க முடியும். அவ்விளையாட்டை உருவாக்குவதற்கு முன்னர் ஒரு செய்நிரலாளர் பல நாட்கள் உழைத்திருக்க வேண்டும். இன்றோ செயற்கை நுண்ணறிவு உதவிக்கருவியிடம் தமிழிலேயே விபரித்தால், சில நிமிடங்களில் முதல் வடிவம் கையில் கிடைத்து விடுகின்றது. அது எவ்வாறு நிகழ்கின்றது, எங்கே தவறுகின்றது, அதனால் கிரானிலோ ஓட்டமாவடியிலோ படிக்கும் ஒரு பிள்ளைக்கு உண்மையில் என்ன கிடைக்கும் என்பனவற்றை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஏழு பயணங்கள்

முதலில் விடுகதையின் விடையைப் பார்ப்போம். தோணிக்காரன் ஆட்டை அக்கரைக்குக் கொண்டு சென்று விடுகின்றான். வெறுந்தோணியுடன் திரும்புகின்றான். புலியை ஏற்றிச் செல்கின்றான். அங்கே புலியை இறக்கிவிட்டு, ஆட்டை மீண்டும் தோணியில் ஏற்றி இக்கரைக்கே கொண்டு வருகின்றான். ஆட்டை இங்கு விட்டுப் புல்லுக்கட்டை ஏற்றிச் செல்கின்றான். மீண்டும் வெறுந்தோணியுடன் திரும்பி, இறுதியாக ஆட்டை அழைத்துச் செல்கின்றான். மொத்தம் 7 பயணங்கள். இதனிலும் குறைந்த எண்ணிக்கையில் இக்காரியத்தை முடிக்க இயலாது.

இவற்றுள் நான்காவது பயணமே புதிரின் உயிர்நாடி. அக்கரை சேர்த்த ஆட்டைத் திரும்பக் கொண்டு வருவது முன்னேற்றத்துக்கு எதிரானது போலத் தோன்றும். அதனாலேயே பெரும்பாலான பிள்ளைகள் அவ்விடத்தில் தடுமாறி நிற்கின்றனர். செய்ததைத் திருப்பிப் பார்க்கும் துணிவு வந்த கணத்தில் வழி திறக்கின்றது.

செய்நிரல் என்பதும் இத்தகையதே. ஒரு காரியத்தைத் தெளிவான சிறு படிகளாகப் பிரித்து, ஒழுங்குபடுத்தி, பிறிதொருவர் அல்லது ஓர் இயந்திரம் பிசகின்றி நிறைவேற்றக்கூடிய வகையில் எழுதுவதே செய்நிரலாக்கம். அப்படிகளின் தொகுதியை ஆங்கிலத்தில் ‘அல்கோரிதம்’ என்பர். இச்சொல் பக்தாதின் ‘பைத்துல் ஹிக்மா’ என்னும் அறிவகத்தில் 9 ஆம் நூற்றாண்டில் பணியாற்றிய முஸ்லிம் அறிஞர் அல்-குவாரிஸ்மியின் பெயரிலிருந்து பிறந்ததாகும். இந்திய எண்களைக் கொண்டு கணக்கிடும் முறை பற்றி அவர் எழுதிய நூல் இலத்தீன் மொழிக்குச் சென்றபோது, அவரது பெயரே அம்முறையின் பெயராக நிலைத்துவிட்டது. அட்சரகணிதத்தைக் குறிக்கும் ‘அல்ஜிப்ரா’ என்ற சொல்லும் அவரது மற்றொரு நூலின் தலைப்பிலிருந்தே வந்தது. ஏறக்குறைய அதே காலத்தில், ஐரோப்பாவில் அல்குயின் என்னும் அறிஞருடையதாகக் கருதப்படும் இலத்தீன் கணக்குத் தொகுப்பொன்றில் நமது தோணிப் புதிர் ஓநாய், ஆடு, கோவா என்ற உருவில் இடம்பெற்றுள்ளது. இந்தியாவின் எண்களும் அரபு உலகின் கணிதமும் ஐரோப்பாவின் புதிரும் ஒரே வாவிக் கரையில் வந்து சந்திப்பதை நம் பிள்ளைகள் அறிந்திருத்தல் நலம்.

விளையாடிக் கற்கும் மரபு

விளையாட்டின் வழியாகச் செய்நிரலாக்கத்தைக் கற்பிக்கும் எண்ணம் நேற்று உதித்ததன்று. 1967 ஆம் ஆண்டு அமெரிக்காவில் சீமோர் பப்பேர்ட், சிந்தியா சொலமன், வொலி பியூர்செய்க் ஆகியோர் சிறுவர்க்கென ‘லோகோ’ என்ற கணினி மொழியை உருவாக்கினர். முன்னே செல், வலப்புறம் திரும்பு போன்ற கட்டளைகளை இட்டு, திரையில் ஓர் ஆமையை நகர்த்திக் கோலம் வரைவது அம்மொழியின் புகழ்பெற்ற பயன்பாடாகும். பிள்ளை எழுதிய கட்டளை பிழைத்தால் ஆமை வேறெங்கோ செல்லும். அப்பொழுது பிள்ளை வெட்கப்பட வேண்டியதில்லை. எங்கே பிழைத்தது என்று தேடித் திருத்துவதே உண்மையான கற்றல் என்பதை 1980 இல் வெளியான தமது நூலில் பப்பேர்ட் வலியுறுத்தினார்.

அவரது சிந்தனை வழியில் வந்த மிச்சல் ரெஸ்னிக்கின் குழுவினர், மசாசுசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவகத்திலிருந்து 2007 இல் ‘ஸ்கிராட்ச்’ மொழியை வெளியிட்டனர். இதில் கட்டளைகளைத் தட்டச்சு செய்ய வேண்டியதில்லை. வண்ணக் கட்டைகளை ஒன்றன் கீழ் ஒன்றாகப் பொருத்தினாலே போதும். அதே 2007 இல் அமெரிக்காவில் வாழும் தமிழரான முத்து அண்ணாமலை, ‘எழில்’ என்னும் தமிழ்க் கணினி மொழியை உருவாக்கத் தொடங்கினார். திரையில் எழுதுவதற்கு அதில் ‘பதிப்பி’ என்று கட்டளையிட வேண்டும். நிபந்தனை கூறும்போது, முதலில் நிபந்தனையும் அதன் பின்னர் ‘ஆனால்’ என்ற சொல்லும் வரும். பகுதி நிறைவுறும்போது ‘முடி’ என்று எழுதப்படும். ‘இப்படியானால் இதைச் செய்’ என்று தமிழில் நாம் பேசும் ஒழுங்கே அம்மொழியின் ஒழுங்காகவும் அமைந்திருப்பது கவனிக்கத்தக்கது. ஆங்கிலத்தில் தயங்கும் பிள்ளைக்குத் தருக்கத்தில் தயக்கம் இருக்க வேண்டியதில்லை என்பதை அம்முயற்சி எடுத்துக்காட்டியது.

நமது நாட்டிலும் தகவல், தொடர்பாடல் தொழில்நுட்பப் பாடம் தமிழ்மொழி மூலம் கற்பிக்கப்படுகின்றது. சாதாரண தரத்தில் பஸ்கால் மொழியும் உயர்தரத்தில் பைத்தன் மொழியும் பயிற்றப்பட்டு வந்துள்ளன. ஆயினும் விளக்கம் தமிழிலும் கட்டளை ஆங்கிலத்திலும் இருக்க, பாடத்தை விளங்கிக் கொள்வதற்குப் பதிலாக மனனம் செய்து பரீட்சையில் ஒப்புவிக்கும் வழக்கத்துக்குப் பிள்ளைகள் எளிதில் ஆட்பட்டு விடுகின்றனர். அப்பிள்ளைகளுக்கு அவர்களது ஊரும் மொழியும் கலந்த ஒரு விளையாட்டு பெருந்துணையாக அமையும்.

உதவிக்கருவியிடம் என்ன சொல்வது?

2022 நவம்பர் 30 ஆம் திகதி ‘சட்ஜிபிடி’ வெளியான பின்னர், சாதாரண மொழியில் கேட்டால் செய்நிரலை எழுதித் தரும் கருவிகள் உலகெங்கும் பரவின. கிடைத்த செய்நிரலை வாசித்துக்கூடப் பாராமல் கருவியை நம்பி மேலே மேலே கட்டிச் செல்லும் போக்குக்கு, 2025 பெப்ரவரியில் அந்திரே கர்பாத்தி என்ற கணினி விஞ்ஞானி ஒரு பெயரே சூட்டிவிட்டார். ஆங்கிலத்தில் ‘வைப் கோடிங்’ எனப்படும் அதனை, மனம் போன போக்கில் செய்நிரல் ஆக்கல் என்று நாம் தமிழில் கூறலாம். பெரியவர்கள் ஒரு மாலைப்பொழுதில் விளையாட்டாகச் செய்து பார்ப்பதற்கு அது ஏற்றதாக இருக்கலாம். கற்பதற்காகச் செய்யும்போது அது பொருந்தாது.

இக்கருவிகள் மனிதரைப் போல விடயத்தை அறிந்து பேசுவனவல்ல. கோடிக்கணக்கான பக்கங்களில் எழுதப்பட்டவற்றைக் கொண்டு பயிற்றப்பட்டு, ஒரு சொல்லின் பின் எச்சொல் வருதல் பொருந்தும் என்று கணித்து எழுதுவனவாகும். பலராலும் பல தடவை எழுதப்பட்ட விடயத்தில் அவை வியக்கத்தக்க வகையில் சரியாக இயங்கும். அரிதாக எழுதப்பட்ட விடயத்தில் அதே உறுதியான தொனியிலேயே தவறும். தமிழும், தமிழிலும் மட்டக்களப்புத் தமிழும் இரண்டாவது வகையைச் சேர்ந்தவை என்பதை மறந்துவிடலாகாது.

எனவே கருவியைத் திறப்பதற்கு முன் ஒரு தாளை எடுத்து விளையாட்டின் விதிகளை எழுதுதல் வேண்டும். நமது தோணி விளையாட்டை நான்கு கட்டங்களாக அமைக்கலாம். முதற் கட்டத்தில் தோணிக்காரன் தனியே எழுவான்கரையிலிருந்து படுவான்கரைக்குச் செல்கின்றான். இங்கே பிள்ளை கற்பது ‘ஏறு’, ‘கடந்து செல்’, ‘இறங்கு’ என்ற கட்டளைகளின் ஒழுங்கை மாத்திரமே. இரண்டாவது கட்டம் புலி, ஆடு, புல்லுக்கட்டு. மூன்றாவது கட்டத்தில் 6 நெல் மூடைகளை ஒவ்வொன்றாகக் கரை சேர்க்க வேண்டும். ஒரே கட்டளையை ஆறு தடவை எழுதாமல் ‘மீண்டும் செய்’ என்று எழுதும் முறை இங்கு அறிமுகமாகின்றது. நான்காவது கட்டத்தில் வெள்ளம் ஏறி இறங்கும். நீர்மட்டம் குறியைத் தாண்டியிருந்தால் காத்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையைப் பிள்ளை எழுதவேண்டும். ஒவ்வொரு கட்டமும் முடிந்ததும் கரையில் உள்ள ஓர் ஊரின் பெயரை எழுத்துக் கட்டங்களில் நிரப்பினால் அடுத்த கட்டம் திறக்கும்.

இவ்வளவையும் ஐயத்துக்கு இடமின்றி எழுதி முடித்தவர் செய்நிரலாக்கத்தின் கடினமான பாதியை ஏற்கனவே முடித்துவிட்டார் எனலாம். தெளிவாகச் சொல்லத் தெரியாத எதனையும் இயந்திரம் தெளிவாகச் செய்து தராது. இந்த எழுத்துவேலையைப் பிள்ளைகளே குழுவாகச் செய்ய, ஆசிரியர் கேள்வி கேட்டு உதவுவது நன்று. தோணியில் இருவர் ஏறினால் என்ன நிகழும்? ஆட்டை ஏற்றாமலே ‘இறக்கு’ என்று கட்டளையிட்டால் என்ன செய்வது? இத்தகைய கேள்விகளுக்கு விடை காண்பதே பயிற்சியாகும்.

மூன்று எழுத்தா, ஆறு எழுத்தா?

கருவி தரும் முதல் வடிவத்தில் வழுக்கள் இருக்கக்கூடும். எவ்வகை வழுக்கள் நேரக்கூடும் என்பதை அறிந்திருப்பது பயனுடையது.

தோணி சென்று சேர்ந்த கரையை மாத்திரம் சோதித்து, அது விட்டு வந்த கரையைச் சோதிக்காமல் விடுவது ஒன்று. அவ்வாறாயின் இக்கரையில் புலியும் ஆடும் தனித்திருந்தும் திரையில் ஒன்றும் நடவாது. பிள்ளை தவறான வழியிலேயே வென்றுவிடும். மூடைக் கணக்கில் நேரக்கூடியது மற்றொன்று. 6 மூடைகளை ஒவ்வொன்றாகக் கொண்டு செல்வதற்கு 6 தடவை போகவும் 5 தடவை திரும்பவும் வேண்டும். மொத்தம் 11 பயணங்கள். ‘போய் வருதலை 6 தடவை செய்’ என்று எழுதினால் பயணங்கள் 12 ஆகி, வேலை முடிந்த பின்னரும் தோணிக்காரன் வெறுந்தோணியோடு இக்கரைக்கு வந்து நிற்பான். எண்ணிக்கையில் ஒன்று கூடுவதும் குறைவதும் அனுபவமிக்க செய்நிரலாளரும் இழைக்கும் வழுவாகும்.

இவற்றிலும் சுவையானது நமது எழுத்தைப் பற்றியது. ‘கிரான்’ என்பதில் எத்தனை எழுத்துகள்? கி, ரா, ன் என மூன்று என்று முதலாம் வகுப்புப் பிள்ளையும் சொல்லும். ஆனால் பெரும்பாலான கணினி மொழிகளில் சாதாரண முறையில் எண்ணச் சொன்னால் ஆறு என்று விடை வரும். ‘யுனிகோட்’ என்னும் உலகப் பொது எழுத்துக்குறி முறையில் க என்ற உயிர்மெய்க்கு ஓர் எண்ணும், அதனோடு சேரும் இகரக் குறிக்கு வேறோர் எண்ணும், மெய்யின் புள்ளிக்கு மற்றோர் எண்ணும் தரப்பட்டுள்ளமையே இதற்குக் காரணம். க, இகரக் குறி, ர, ஆகாரக் குறி, ன, புள்ளி என்று இயந்திரம் ஆறாக எண்ணுகின்றது. இவ்வாறே ஓட்டமாவடியின் 6 எழுத்துகள் 9 ஆகவும், மட்டக்களப்பின் 8 எழுத்துகள் 12 ஆகவும் மாறிவிடும். ‘விகடகவி’ என்ற சொல் எப்பக்கமிருந்து வாசித்தாலும் ஒன்றே என்பது நமக்குத் தெரியும். குறிகளைத் தனித்தனியே புரட்டிப் பார்க்கும் இயந்திரமோ, அஃது அவ்வாறில்லை என்று சாதிக்கும்.

இக்குறைக்குத் தீர்வு ஏற்கனவே உண்டு. முத்து அண்ணாமலையும் அவரைப் போன்ற தன்னார்வலர்களும் உருவாக்கிய ‘ஓப்பன்-தமிழ்’ என்ற திறந்தமூல நிரல் தொகுப்பு, பைத்தன் மொழியில் தமிழ்ச் சொற்களை உரிய எழுத்துகளாகப் பிரித்துத் தருகின்றது. குறிகளை முன்னுள்ள எழுத்தோடு சேர்த்து எண்ண வேண்டும் என்று விதியை விளக்கிச் சொன்னால் உதவிக்கருவியும் திருத்தி எழுதும். ஆனால் திருத்தச் சொல்வதற்கு, பிழை என்று கண்டறிய ஒருவர் வேண்டும். கிரானுக்கு மூன்று கட்டங்கள் வரவேண்டிய இடத்தில் ஆறு கட்டங்கள் தோன்றும்போது ‘இது பிழை’ என்று முதலில் குரல் எழுப்பப் போவது தமிழ் எழுத்தறிந்த ஒரு சிறு பிள்ளையே. அந்த ஒரு கணத்தில் பிள்ளை ஆசிரியராகவும் இயந்திரம் மாணவராகவும் மாறிவிடுகின்றன.

சொற்களிலும் இதே கவனம் தேவை. உதவிக்கருவிகளுக்குத் தமிழ் என்பது பெரும்பாலும் தமிழ்நாட்டு எழுத்துத் தமிழே. வாவி என்று நாம் எழுதவேண்டிய இடத்தில் அவை ஏரி என்று எழுதக்கூடும். பாடசாலை பள்ளியாகும், நமது முஸ்லிம் சகோதரர்களிடையே பள்ளி என்பது பள்ளிவாசலைச் சுட்டும் என்பது இயந்திரத்துக்குத் தானாகத் தெரியாது. சூரியன் எழும் கரை எழுவான்கரை, படும் கரை படுவான்கரை என்ற அழகிய வழக்கு, கிழக்கு, மேற்கு என்று சுருங்கிப் போகும். இச்சொற்களை நாமே பட்டியலிட்டுக் கருவிக்கு வழங்க வேண்டும். வழங்காவிடின் நம் பிள்ளைகள் தமது ஊரின் விளையாட்டைக்கூட வேறோர் ஊரின் மொழியில் விளையாட நேரிடும்.

விடை தரும் உதவி, வழி தரும் உதவி

இனி இக்கட்டுரையின் முதன்மையான வினாவுக்கு வருவோம். உதவிக்கருவி பிள்ளைக்குக் கற்பிக்கின்றதா, அல்லது பிள்ளைக்குப் பதிலாகக் கற்றுக் கொள்கின்றதா?

அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹம்சா பஸ்தானியும் அவரது சக ஆய்வாளர்களும், துருக்கியில் ஏறக்குறைய ஆயிரம் உயர்நிலை மாணவர்களிடையே கணித பாடத்தில் ஓர் ஆய்வை நடத்தினர். ஒரு பிரிவினர்க்கு சாதாரண உதவிக்கருவியும், மற்றொரு பிரிவினர்க்கு விடையை நேரே சொல்லாது குறிப்புகளை மாத்திரம் வழங்கும் வகையில் அமைக்கப்பட்ட கருவியும் தரப்பட்டன. மூன்றாவது பிரிவினர்க்குக் கருவி எதுவும் இல்லை. பயிற்சியின்போது முதற் பிரிவினரின் பெறுபேறு 48 வீதத்தாலும் இரண்டாவது பிரிவினரது 127 வீதத்தாலும் உயர்ந்தது. அதன் பின்னர் கருவியை அகற்றிப் பரீட்சை வைத்தபோது, சாதாரண கருவியைப் பயன்படுத்தியோர் கருவியையே காணாதவர்களிலும் பார்க்க 17 வீதம் குறைவாகப் பெற்றனர். குறிப்பு மாத்திரம் பெற்ற பிரிவினர்க்கு இத்தகைய பாதிப்பு பெரும்பாலும் நேரவில்லை. 2024 இல் வெளிவந்து, 2025 இல் அமெரிக்கத் தேசிய விஞ்ஞானக் கழகத்தின் சஞ்சிகையில் இடம்பெற்ற இவ்வாய்வின் பாடம் தெளிவானது. கருவி ஒன்றே, அதை எவ்வாறு அமைக்கின்றோம் என்பதிலேயே நன்மையும் தீமையும் தங்கியுள்ளன.

ஹார்வார்ட் பல்கலைக்கழகத்தின் புகழ்பெற்ற அறிமுகக் கணினிப் பாடநெறியில் 2023 இல் இவ்வழியிலேயே ஓர் உதவிக்கருவி அமைக்கப்பட்டது. அதற்கு வாத்து உருவம் தரப்பட்டது. வழுவைக் கண்டறிய முடியாத செய்நிரலாளர், மேசைமேல் வைத்த ரப்பர் வாத்துக்குத் தம் செய்நிரலை வரிக்கு வரி விளக்கிச் சொல்லும்போதே வழு தமக்குப் புலப்பட்டுவிடும் என்பது அத்துறையில் நிலவும் ஒரு பழைய வழக்கம். அந்த வாத்துக்கு வாய் வந்தது போன்றது இக்கருவி. எனினும் விடையைத் தாரை வார்க்காது வழியை மாத்திரம் காட்டுமாறு அது பணிக்கப்பட்டுள்ளது.

நமது தோணி விளையாட்டுக்கும் இதுவே பொருந்தும். பிள்ளை மூன்றாவது பயணத்தில் தடுமாறி நிற்கும்போது, ‘ஆட்டைத் திரும்பக் கொண்டு வா’ என்று திரை சொல்லிவிட்டால் விளையாட்டு முடிந்தது, கற்றலும் முடிந்தது. ‘தோணி எப்போதும் வெறுமையாகத்தான் திரும்ப வேண்டுமா?’ என்று கேட்டால் பிள்ளை சிந்திக்கத் தொடங்கும். நான்காவது பயணத்தைப் பிள்ளையிடமிருந்து பறிக்காதிருப்பதே நல்ல உதவியின் இலக்கணம்.

இங்கே மற்றொரு நடைமுறை உண்மையையும் சுட்ட வேண்டும். இக்குறிப்புகளை வழங்குவதற்கு விளையாட்டினுள்ளே செயற்கை நுண்ணறிவு இருக்க வேண்டிய அவசியமே இல்லை. தோணிக்காரன், புலி, ஆடு, புல் ஆகிய நான்கும் இரு கரைகளில் இருக்கக்கூடிய நிலைகள் மொத்தம் 16. அவற்றுள் 6 ஆபத்தானவை. எஞ்சிய 10 பாதுகாப்பானவை. இப்பத்து நிலைகளுக்கும் ஒவ்வொரு குறிப்பை ஆசிரியரும் பிள்ளைகளும் கூடி எழுதி, செய்நிரலில் ஓர் அட்டவணையாகச் சேர்த்துவிட்டால் போதும். உருவாக்கும்போது மாத்திரம் இணையமும் உதவிக்கருவியும் தேவை. விளையாட்டை இணைய உலாவியில் திறக்கக்கூடிய ஒற்றைக் கோப்பாக ஆக்கித் தருமாறு கேட்டுப் பெற்றுக்கொண்டால், அதனை ஒரு பென்டிரைவில் இட்டுப் பழைய கணினியிலும் இணையமின்றி இயக்கலாம். மழைக்காலத்தில் வீதியும் சமிக்ஞையும் அற்றுப்போகும் கிராமங்களுக்கு இது சிறிய வசதியன்று.

பாதுகாப்பும் கருத்திற் கொள்ளத்தக்கது. சட்ஜிபிடியைப் பயன்படுத்துவதற்குக் குறைந்தது 13 வயது நிரம்பியிருக்க வேண்டும் என்றும், 18 வயதுக்குட்பட்டோர்க்குப் பெற்றோரின் சம்மதம் வேண்டும் என்றும் அதனை வழங்குவோரே விதித்துள்ளனர். ஆகவே தொடக்க வகுப்புகளில் கருவியின் முன் அமர்பவர் ஆசிரியராகவே இருத்தல் வேண்டும். பிள்ளைகள் சொல்ல அவர் தட்டச்சு செய்யலாம். பிள்ளைகளின் பெயர், முகவரி, புகைப்படம், புள்ளி விபரம் என்பவற்றை எக்காரணம் கொண்டும் அதனுள் இடலாகாது.

ஒரு மொழி, இரு கரை

கிரானிலிருந்து திருகோணமலை வீதியில் வடக்கே சென்றால், வாழைச்சேனையைக் கடந்து சிறிது தூரத்தில் ஓட்டமாவடி வந்துவிடும். ஓரூரில் தமிழரும் மற்றோர் ஊரில் முஸ்லிம்களும் பெரும்பான்மையாக வாழ்கின்றனர். இரு சாராரும் பேசுவது தமிழே. இரு சாராரின் பிள்ளைகளும் தமிழ்மொழி மூலமே பரீட்சை எழுதுகின்றனர். ஆயினும் பாடசாலைகள் வேறு, விடுமுறைகள் வேறு. கடந்த காலத்தின் கசப்புகளை இரு சாராரும் அறிவர். அவற்றை இங்கு மீட்ட வேண்டியதில்லை. ஒரே மொழியில் எண்ணக் கற்கும் பிள்ளைகள் ஒருவரையொருவர் காணாமலே வளர்ந்து விடுகின்றனர் என்பதே நமது கவலை.

ஒரு கணினி விளையாட்டு அக்கவலையைத் தீர்த்துவிடும் என்று நாம் கூறவில்லை. எனினும் விளையாட்டை உருவாக்கும் வேலைக்கு இரு ஊர்ப் பிள்ளைகளும் தேவைப்படுகின்றனர். ஓரூர்ப் பிள்ளைகள் எழுதிய விதிகளை மற்றையூர்ப் பிள்ளைகள் விளையாடிப் பார்த்து வழுக் கண்டறியலாம். தம் வீட்டில் வழங்கும் சொல் எது, அயலூரார் வீட்டில் வழங்கும் சொல் எது என்று சொற்பட்டியலை இணைந்து தயாரிக்கலாம். எழுதியவருக்குப் புலப்படாத வழு பிறருக்குப் புலப்படும் என்பது செய்நிரலாக்கத்தின் அடிப்படைப் பாடங்களுள் ஒன்று. அவ்வகையில் அயலவரின் கண் நமக்குப் பகையன்று, பயனுடையது.

இதற்குப் பெருநிதி வேண்டியதில்லை. ஒரு கணினி, ஒரு தகவல் தொழில்நுட்ப ஆசிரியர், ஒரு வாரத்துக்கு ஒரு பாடவேளை, ஒரு தாள், ஒரு பென்சில் என்பன தொடங்குவதற்குப் போதுமானவை. கிரானுக்குத் தெற்கே அதே நெடுஞ்சாலையில் வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகம் அமைந்துள்ளது. 1981 இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி 1986 இல் பல்கலைக்கழகமாக உயர்ந்த அந்நிறுவனத்தின் மாணவர்கள், சுற்றியுள்ள பாடசாலைகளுக்கு மாதம் ஒருமுறை வந்து கைகொடுப்பார்களாயின் பேருதவியாக அமையும். கல்வி வலயங்களின் அதிகாரிகள் இவ்வாறான சிறு முயற்சிகளுக்கு இடமளிக்க வேண்டும். பிள்ளைகள் உருவாக்கும் விளையாட்டைத் திறந்தமூலமாக வெளியிட்டால், காத்தான்குடியும் காரைநகரும் தஞ்சாவூரும் தத்தம் ஊர்ப் பெயர்களை இட்டு அதனைப் பயன்படுத்திக் கொள்ளலாம்.

எதிர்காலத்தில் செய்நிரலை இயந்திரமே எழுதிவிடும், இனிப் பிள்ளைகள் அதனைக் கற்பதில் என்ன பயன் என்று பெற்றோர் சிலர் கேட்கின்றனர். நியாயமான கேள்வியே. இயந்திரம் எழுதியது சரியா, பிழையா என்று யார் சொல்வது என்ற மறுகேள்வியே அதற்கான விடையாகும். கிரானுக்கு எழுத்து மூன்றே என்று சொல்லத் தெரிந்த பிள்ளை, நாளை மருந்துக் கணக்கிலும் வங்கிக் கணக்கிலும் இயந்திரம் தவறும்போது கேள்வி கேட்கும். எண்ணிப் பார்க்கப் பழகாத பிள்ளை, திரையில் தோன்றியதை நம்பிவிடும்.

இவ்வாண்டும் மழை வரும், கிரான் வீதியில் வெள்ளம் ஏறும், படகுகள் ஓடும். நல்ல தோணிக்காரன், பயணி தானே துடுப்பு வலிக்கக் கற்றுக்கொள்ள விரும்பினால், துடுப்பை அவன் கையில் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் அமர்ந்திருப்பான். செயற்கை நுண்ணறிவை அவ்விடத்தில் அமர்த்துவதா, அல்லது பிள்ளையைப் படகின் அடித்தட்டில் உறங்க வைத்துக் கரை சேர்ப்பதா என்பதைத் தீர்மானிக்க வேண்டியவர்கள் ஆசிரியர்களும் பெற்றோருமாகிய நாமே.